அடுத்த ஸ்லைடு

சென்னை,
12.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

சுனிதா எழுதுகிறேன். நான் சௌக்கியம். உங்கள் முட்டியும் அம்மாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். போனில் அம்மாவை விசாரித்தால் "எல்லாம் நல்லாத்தான் கீது" என்கிறாள். எது எப்படி இருக்கிறது என்று பிரித்துச் சொல்வதில்லை.

போனில் எவ்வளவு கத்தினாலும் உங்கள் காதுக்கு எட்டாது. அம்மாவிடம் சொன்னாலோ ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் முழுவதும் எட்டிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஒரு வேஷம் கிடைத்திருக்கிறது. பெயர் வைத்த வேஷம். இத்தனை வருஷத்தில் நான் நர்ஸாகவும் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவும் கோர்ட்டில் இரண்டாவது சாட்சியாகவும் ஒரே ஒரு முறை பிணமாகவும் நடித்திருக்கிறேன். பிணத்துக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது. நாற்பது வயதில் முதல் தடவையாக வசனம் பேசி வாங்கப்போகிறேன்.

இது டிவியில் வரப்போகும் கிண்டல் தொடர். பெயர் 'அடுத்த ஸ்லைடு'. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் ஒரு கம்பெனியைப் பற்றியது. ஆலோசகர்கள் ஒரு தொழிற்சாலைக்குப் போவார்கள். என்ன கோளாறு என்று அங்கே வேலை செய்பவர்களிடமே கேட்பார்கள். கேட்டதை இங்கிலீஷில் எழுதி, படம் போட்டு, முதலாளிக்கு விற்பார்கள். நான் மூத்த ஆலோசகர் மைதிலி. எபிசோடுக்கு ஒன்றாக எதையாவது மூடுவேன். யாராவது சங்கடமான கேள்வி கேட்டால் திரையைப் பார்த்து "அடுத்த ஸ்லைடு" என்பேன். அவ்வளவுதான்.

மூடுகிறவளாக நடிப்பதற்கு உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று நினைத்தேன். போட்டுவிட்டேன். இருந்தாலும் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

அன்புடன்,
சுனிதா

*

கோலார் தங்க வயல்,
30.6.2024

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முட்டி இருக்கிறது. காது இல்லை. நடுவில் உள்ளவை வேலை செய்கின்றன. உன் அம்மா சாரதாவின் சர்க்கரை டாக்டர் வீட்டில் இறங்குகிறது, கல்யாண வீட்டில் ஏறுகிறது.

நீ கேட்ட அனுமதி, கையெழுத்துப் போட்ட பிறகு கேட்கப்பட்டதால், முழு மனதுடன் வழங்கப்படுகிறது. எங்கள் சுரங்கத்தை மூடியபோதும் இதே வரிசையில்தான் கேட்டார்கள்.

நீ மூடுவதில் எனக்கு வருத்தமில்லை. யாரோ மூடத்தான் போகிறார்கள், தமிழ் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறவள் மூடட்டும். மூடுவதற்கு முன்னால் ஒரு பையன் வந்தான், உனக்கு நினைவிருக்காது. நீ பத்தாவதோ பதினொன்றாவதோ படித்துக்கொண்டிருந்தாய். எந்தக் கம்பெனி என்று கடைசிவரை சொல்லவில்லை. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்து ஹாலில் எங்களை உட்காரவைத்து, பெட்டி மாதிரி ஒரு விளக்கின்மேல் கண்ணாடித் தாளை வைத்து வைத்துச் சுவரில் காட்டினான். நாங்கள் எல்லோரும் சிவப்புக் கோடாக இருந்தோம். கோடு கீழே போயிற்று. நாங்கள் ஆயுசு முழுக்கக் கீழே போனவர்கள்தானே, அதில் எங்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் ஒரு கேள்வி கேட்கக் கையைத் தூக்கினேன். கரெண்ட் போய்விட்டது. பையனும் போய்விட்டான்.

உன் அம்மாவிடம் விஷயத்தை நானே சொன்னேன். "பொணமா இருந்தவ ஆபீசர் ஆயிட்டாளா!" என்றாள். மறுநாள் மார்க்கெட்டில் கொத்தமல்லி விற்கிறவர் என்னைப் பார்த்து, "இன்னா வேலாயுதம், பொண்ணு ஆபீசராமே?" என்றார். நடிப்பில்தான் என்றேன். "எல்லா ஆபீசரும் அப்டித்தானே" என்று ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா கொடுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா,
ச. வேலாயுதம்

*

சென்னை,
19.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். மழை இல்லாமலே சளி. அங்கே எல்லோரும் நலமாக இருக்கவேண்டும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க நிஜ ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். வேலையை விட்டவரா, விடப்பட்டவரா என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தவை: டீயை முழுதாகக் குடிக்கக்கூடாது, பாதியில் வைத்தால்தான் அடுத்த மீட்டிங் இருப்பதாகத் தெரியும். ஆட்களை வெளியே அனுப்புவதை "சரியான அளவுக்குக் கொண்டுவருதல்" என்று சொல்லவேண்டும். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். முக்கியமாக, 'தெரியாது' என்ற வார்த்தை அந்தத் தொழிலிலேயே கிடையாது. "எனக்குத் தெரியாத விஷயத்தைக் கேட்டால்?" என்று கேட்டேன். "அப்போதுதான் மேடம் அடுத்த ஸ்லைடு" என்றார். எங்கள் தொடர் கிண்டல் தொடர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது கேட்கவேண்டியது. கடைசி எபிசோடில் மைதிலி ஒரு சுரங்கத்தை மூடுகிறாள். டைரக்டர் மேகனா பெங்களூர்ப் பெண், முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. நான் தங்க வயல்காரி என்று தெரிந்ததும் அங்கேயே வந்து எடுக்கலாம் என்கிறாள். ஹாலில் தொழிலாளிகளாக உட்கார நம் ஊர் ஆட்கள் வேண்டும். வேலை ரொம்ப லேசு. நான் ஸ்லைடைக் காட்டி மூடப்போவதைச் சொல்வேன். "கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்பேன். யாரும் பேசக்கூடாது. "அடுத்த ஸ்லைடு" என்பேன். முடிந்தது. பிரியாணி உண்டு.

உங்களுக்குச் சங்கடம் என்றால் சொல்லிவிடுங்கள். ஓசூர்ப் பக்கம் கல் குவாரியில் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவின் மாத்திரையைக் கவனியுங்கள்.

சுனிதா

*

கோலார் தங்க வயல்,
8.9.2024

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். சளிக்கு மிளகு போட்டுக்கொள்.

கல் குவாரி எதற்கு? மூடியதை நம் ஊரைப்போல் யார் நடிப்பார்கள்? இருபது வருஷத்துக்கு மேல் ஒத்திகை பார்த்திருக்கிறோம்.

சைலஸிடம் சொன்னேன். யூனியன் இல்லாவிட்டாலும் யூனியன் தலைவர் அவர்தானே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது கூட்டமா, ஷூட்டிங்கா?" என்றார். ஷூட்டிங் என்றேன். "கூட்டம் மாதிரி ஷூட்டிங்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ நாந்தான் சேர்மன்" என்றார். ஒத்துக்கொண்டேன். சேர்மன் நாற்காலி ஒன்று ஹாலின் ஓரத்தில் போடவேண்டும் என்று உங்கள் டைரக்டரிடம் சொல்லிவிடு.

கங்கம்மாவும் வருகிறாள். புருஷன் முனிரத்தினம் போனபிறகு அவள் எங்கேயும் வெளியே போவதில்லை. பிரியாணிக்காக இல்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்று சாரதாவிடம் கேட்டாளாம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நம் ஊரில் கூட்டம் என்றால் ஒரு முறை உண்டு. கேள்வி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டுவிட்டால் கை தூக்கலாம். பெயரும், இறங்கின சுரங்கக் குழியான ஷாஃப்ட்டும் சொல்லிவிட்டுக் கேட்கவேண்டும். தூக்கின கைக்குப் பதில் வராமல் சேர்மன் கூட்டத்தைக் கலைக்கமாட்டார். நீ சின்னப் பிள்ளையாக என் தோளில் உட்கார்ந்து பார்த்ததுதான். யாரும் பேசக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டினார்கள். நம் ஆட்கள் தலையை ஆட்டுவதை நம்பாதே.

அப்பா

*

சென்னை,
21.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தேன். நலம். ஊரிலிருந்தபோது உங்களிடம் தனியாகப் பேச முடியவில்லை. பேசியிருந்தால் கத்தியிருக்கவேண்டும், யூனிட் முழுவதும் கேட்டிருக்கும்.

நடந்ததையெல்லாம் நீங்கள் கடைசி வரிசையிலிருந்து பார்த்தீர்கள். முன்னாலிருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

ஒத்திகையில் எல்லோரும் பொம்மை மாதிரி இருந்தார்கள். மேகனா பூரித்துப்போனாள். டேக்கில் நான் "கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்றேன். கங்கம்மாக்கா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"கங்கம்மா. நந்திதுர்க் ஷாஃப்ட், முனிரத்தினம் சம்சாரம். மூடறீங்கோ, சரி. கம்பெனி லைன் ஊட்டை எப்போ காலி பண்ணணும்? எம் பொண்ணு பரீட்சை எழுதப்போவுது. நடுவுல காலி பண்ணச் சொன்னா எங்க போறது?"

அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. அவள் மடியில் கங்கம்மாக்காவின் பேரன்.

மேகனா "கட்" என்றாள். கங்கம்மாக்காவின் கை இறங்கவில்லை. இன்னும் ஏழெட்டுக் கைகள் எழுந்தன. மேகனா மறுபடியும் கத்தினாள். ஓரத்தில் சைலஸ் மாமா எழுந்து, "யாரும்மா அது நடுவுல சத்தம்? கை தூக்கினு கீறாங்கோ இல்ல? பதில் சொல்லச் சொல்லு" என்றார். மேகனா என்னைப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வசனம் தெரியும். 

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். கங்கம்மாக்கா, "சரி, அத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்று உட்கார்ந்தாள். கோபமே இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தெரியாது என்றேன். ஒவ்வொருவரும் உட்கார்ந்தார்கள்.

பிறகு உங்கள் கையைப் பார்த்தேன்.

பார்க்காத மாதிரி "அடுத்த ஸ்லைடு" என்றேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் முடித்தேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது காரணம் இல்லை. நீங்கள் எழுந்து பெயர் சொன்னால் நான் மைதிலியாக இருக்கமாட்டேன் என்று பயம். கிடைத்தது ஒரே ஒரு வேஷம், அப்பா.

என்ன கேட்க வந்தீர்கள்? எழுதுங்கள்.

சுனிதா

*

கோலார் தங்க வயல்,
10.11.2024

அன்பு மகளுக்கு,

முட்டி தேவலை. ஊரும் தேவலை. பிரியாணி பற்றி மட்டும் இரண்டு கட்சி.

நீ வருத்தப்பட எதுவும் இல்லை. கூட்டம் நன்றாக நடந்ததாகத்தான் பேச்சு. "நம்ம பொண்ணு பரவால்ல, தெரியாதுன்னாவது சொல்லிச்சு" என்கிறார் சைலஸ். தெரியாது என்பதை ஆபீசர் வாயால் கேட்க இந்த ஊர் இத்தனை காலம் காத்திருந்திருக்கிறது. கங்கம்மா இப்போது தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறாள். கொத்தமல்லிக்காரரிடம் பேரம் பேசி, அவர் விலையைச் சொன்னதும் "அடுத்த ஸ்லைடு" என்கிறாள். உன் தொடர் வருவதற்கு முன்னாலேயே வசனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். ஒரு கை பாக்கி இருப்பதால் கூட்டம் முடிந்ததாகச் சைலஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்திவைப்பு என்று அறிவித்துவிட்டார். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உன் கேள்வி நிலுவையில கீதுப்பா" என்கிறார்.

கேள்வி ஒன்றும் பெரிதில்லை. கைவலிக்காகத் தூக்கினேன் என்று வைத்துக்கொள். உன் அம்மா, "பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டிருப்பாரு, வேற இன்னா" என்கிறாள். அப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

அப்பா

*

சென்னை,
9.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். புயல் தெருவைத்தான் நனைத்தது, வீட்டுக்குள் வரவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், போனில் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

மேகனா அந்த டேக்கைத் தூக்கிப்போடவில்லை. கடைசி எபிசோடே அதுதான் என்கிறாள். எடிட்டிங்கில் கங்கம்மாக்காவைப் பார்த்து இரண்டு பேர் அழுதார்களாம். எனக்கு இரண்டாம் பாகத்திலும் வேஷம் உண்டு, மைதிலிதான் இனிக் கதையின் நடு என்று சொன்னாள். முதல்முறையாக வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம் அடுத்த வருஷமும் இருப்பேன் என்று நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன்.

வெளியிடுகிற சேனலுக்குத் திருப்தி இல்லையாம். தொடரை ஆராய்ந்து யோசனை சொல்ல ஒரு ஆலோசனைக் கம்பெனியை வைத்திருக்கிறார்கள். நான் விளையாடவில்லை. ஆலோசகர்களைக் கிண்டல் செய்யும் தொடரை எப்படி மேம்படுத்தலாம் என்று ஆலோசகர்கள் பார்க்கிறார்கள். இரண்டு பேர் வந்தார்கள். என்ன குறை என்று எங்களிடமே கேட்டு எழுதிக்கொண்டார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பாத்ரூம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த ஹாலில் நீங்கள் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பீர்கள்! என்ன கேள்வி, அப்பா?

சுனிதா

*

கோலார் தங்க வயல்,
28.12.2024

அன்பு மகளுக்கு,

குளிர் அதிகம். ஸ்வெட்டரும் நானும் ஒரே வயது போல் தெரிகிறோம்.

இரண்டாம் பாகம் உண்டு என்று கேள்விப்பட்டு உன் அம்மா கேசரி கிண்டினாள். சர்க்கரை ஏறியது. மகிழ்ச்சியான ஏற்றம் என்று டாக்டரிடம் விளக்கினேன்.

கேள்வியை நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். இப்போது கேட்டால் நேரம் சரியில்லை. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் சில கேள்விகளைக் கேட்கக்கூடாது. நிலுவையில் இருந்தது இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அப்பா

*

சென்னை,
3.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது.

தொடரில் சில மாற்றங்கள் நடந்துவருகின்றன. பார்வையாளர்களின் தேவைக்கேற்பக் கதையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இது எல்லோருக்கும் நல்லதுதான். எனக்கும் கொஞ்ச நாளாக ஓய்வு தேவைப்பட்டது. புதிய வாய்ப்புகளைப் பார்த்துவருகிறேன்.

கங்கம்மாக்காவின் காட்சி நீளம் காரணமாக இப்போதைக்கு இல்லை. அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அல்லது சொல்லவேண்டாம்.

மற்றபடி விசேஷம் இல்லை.

சுனிதா

*

கோலார் தங்க வயல்,
12.2.2025

அன்பு மகள் சுனிதாவுக்கு,

இந்தத் தடவை உடம்பைப் பற்றி நான் எழுதவில்லை, நீயும் கேட்காதே. சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் எழுது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு வேலிப் பக்கம், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வரை நடந்துவிட்டு வந்தேன். "சில மாற்றங்கள் நடந்துவருகின்றன." "எல்லோருக்கும் நல்லது." "புதிய வாய்ப்புகள்." ம்மா, இதெல்லாம் எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த வாசகம். ஒரு வார்த்தை மாறவில்லை. இந்தத் தமிழை வீட்டுக்குக் கொண்டுவரும்படி உன்னை நான் வளர்க்கவில்லை. வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்று எழுதினால் எனக்குப் புரியும். எனக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் உன் பெயர் டிவியில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கங்கம்மாவிடம் சொன்னேன். "போட்டாலும் போடாங்காட்டியும், நான் கேட்டது கேட்டதுதானே" என்றாள்.

இனி கேள்விக்கு வருகிறேன். நல்ல காரியம் கெடக்கூடாது என்றுதான் மறைத்தேன். இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தப் பையன் கண்ணாடித் தாளை விளக்கின்மேல் முதலில் தலைகீழாக வைத்துவிட்டு அவசரமாகத் திருப்பினான். சுவரில் எங்கள் சிவப்புக் கோடும் சேர்ந்து புரண்டது. உன்னைவிட ஆறேழு வயது பெரியவனாக இருப்பான். சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. எல்லோரும் அவனைத் திட்டத் தயாராக இருந்தார்கள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "வேலாயுதம். நந்திதுர்க் ஷாஃப்ட். எங்க கணக்க முடிச்சப்புறம் உனக்கு இன்னாப்பா வேலை? உன்னை வச்சிக்குவாங்களா?" இதுதான் கேட்க நினைத்தது. கிண்டலாக இல்லை. கரெண்ட் போய்விட்டது.

உன் ஷூட்டிங்கில் நீ கோட்டுப் போட்டு நின்றாய். திரையில் கோடு கீழே போயிற்று. அதே கேள்விக்காகத்தான் கையைத் தூக்கினேன்.

நீ என்னைத் தாண்டிப் போனது நல்லதுதான். அன்றைக்கு உன்னிடம் அதற்குப் பதில் இல்லை.

சைலஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அப்பா,
ச. வேலாயுதம்

*

சென்னை,
18.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பிடுகிறேன். இன்று தக்காளி ரசம்.

எடுத்துவிட்டார்கள். மைதிலிக்கு நாற்பது வயது, சிரிக்கமாட்டாள், நம்பிக்கை தரவில்லை என்று அந்த ஆலோசகர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்கு முன்னாலேயே காட்டினார்கள். நான் கீழே போகும் கோடாக இருந்தேன். நிறம் நீலம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள், அவள் எதையும் மூடமாட்டாள், திறந்துவைப்பாள். காட்டியவர்களில் இளையவள் ஒருத்தி என் முகத்தையே பார்க்கவில்லை. அவளிடம் என்னவோ கேட்கவேண்டும்போல் இருந்தது. என்ன என்று அப்போது தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு தெரிந்தது.

உங்கள் கேள்வி கிடைத்தது. ஆனால் கடிதத்தில் கேட்ட கேள்வி செல்லாது. கை தூக்கி, பெயரும் ஷாஃப்ட்டும் சொல்லிக் கேட்கவேண்டும். முறை எனக்கும் தெரியும்.

மாதக் கடைசியில் பங்காருப்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்குவேன். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒத்திவைத்த கூட்டத்தைக் கூட்டச் சொல்லி சைலஸ் மாமாவிடம் சொல்லுங்கள். கேமரா இல்லை, பிரியாணி அம்மா பொறுப்பு. என்னிடம் இருக்கும் பதில் மற்றவர்களுக்குச் சொன்ன அதே பதில்தான். இருந்தாலும் நீங்கள் எழுந்து கேட்கவேண்டும், நான் நின்று சொல்லவேண்டும்.

கடைசி வரிசையில் உட்காராதீர்கள். நான் சொல்வது உங்களுக்குக் கேட்கவேண்டும்.

சுனிதா